அளவுத்தகடு பதினேழு

புதன்கிழமைதோறும் காலை ஏழரைக்கு
நிலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது
என் வேலை.
தெலுக் கும்பாருக்குத் தெற்கே
நான்கு வருடம் முன்பு வரை இங்கே இறால்.
இப்போது மணல்; மணலுக்குள் புதைத்த
இருபத்திரண்டு இரும்புத் தகடுகள்.
மாதம் ஆறு மில்லிமீட்டர், சில மாதம் ஒன்பது.
இறங்காத மாதத்தை யாரும் நம்புவதில்லை,
மறுபடி அள என்பார்கள்.

முதலில் மரம் வைத்தார்கள்.
உப்பைக் குடித்து
மூன்றாம் மாதமே நின்றபடி செத்தன.
பிறகு மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய்,
லிம் செங் ஹுவாட்டின் பட்டறையில் வளைத்தது.
கிளைக்குக் கிளை
பொம்பா நிலையத்தில் கழித்துப்போட்ட தண்ணீர்ப் பட்டைகளைப்
பின்னிக் கட்டினாள் குணவதி.
எந்தெந்த வீட்டுத் தீயோ,
கரி வாசம் அவள் கையை விட்டுப் போக
இரண்டு நாள் ஆகும்.

சுற்றிலும் அகழி வெட்டச் சொன்னார்கள்.
அவற்றுக்கு நீந்தத் தெரியாதாம்.
லோரி லோரியாக மண் கொட்டி
வெளியேற்றிய கடலை
காவலுக்கு வா என்று
மதகு திறந்து கூப்பிட்டோம்.
வந்தது.
கடலுக்கு ரோஷமே இல்லை என்றேன்.
மதகு பார்க்கும் ரொஸ்லான் சிரிக்கவில்லை.
அவர் வலை விரித்த இடம்
ஊஞ்சல் கட்டியதற்கு நேர் கீழே,
நாலு பாகம்.

கூண்டு வந்தது ஒரு மழை நாளில்.
பெயர் மெலூர். வயது பத்தொன்பது.
பதினோரு வருடம் கேளிக்கைப் பூங்காவில்
சைக்கிள் ஓட்டியவள்.
மலாயில் அவள் இனத்துக்குக் காட்டு மனிதர் என்று பெயர்;
காடு பார்த்ததில்லை.
கதவு திறந்ததும் ஏறுவாள் என்று
கேமராக்களை மேலே திருப்பி வைத்திருந்தார்கள்.

குனிந்தாள்.
மணலை முகர்ந்தாள்.
ஒற்றை விரலால் தோண்டினாள், அவசரமே இல்லாமல்,
முழங்கை மறையும் வரை.
சிப்பி ஒன்று வந்தது. நக்கினாள்.
அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு
மழையில் உட்கார்ந்தாள்.

'அது என்னுடையது' என்றார் ரொஸ்லான்,
யாரிடமும் இல்லை.

அடுத்த புதன்
பதினேழாம் தகடு நான்கு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது,
ஒரே வாரத்தில்.
அவள் உட்காருமிடம் அதுதான்.
நாற்பத்திரண்டு கிலோவுக்கா, என்று கேட்டார் பொறியாளர்,
மழைதான், எழுது.
எழுதினேன்.

அகழிக்கு அந்தப் பக்கம்
இன்னும் ஏறவில்லை மெலூர்.
தோண்டிக்கொண்டிருக்கிறாள்.