நான்காம் சான்றுப்பொருள்

ஸ்டேஷனில் எழுதுவது என் வேலை.
மே ஒன்பது, காலை ஆறு ஐந்து,
பள்ளிகொண்டா பாலத்துக்குக் கிழக்கே
பாலாற்றில் நாய்கள் தோண்டிய ஒரு கை
என்று எழுதினேன்.
ஆய்வாளர் சுடர்க்கொடி 'ஆற்றில்' என்பதை அடித்தார்.
"தண்ணி எங்கய்யா இருக்கு? மணல்னு போடு."

கத்திரி வெயில். மூன்று நாளில் முகம் போயிருந்தது.
இடுப்பில் சிவப்பு அரைஞாண்,
அரைஞாணில் ஒரு தாயத்து.
அரைஞாணைப் பார்த்த கங்கையம்மன் தெரு
எங்கள் கன்னியப்பன் என்றது.
தாயத்தைப் பார்த்த பள்ளிவாசல் தெரு
எங்கள் தஸ்தகீர் என்றது.
இரண்டு பேரையுமே காணவில்லை.
செத்தவன் எவனோ, கொன்றவன் மற்றவன்:
அதில் மட்டும் இரு தெருவுக்கும் ஒரே கருத்து.

பத்து மணிக்குள் இருநூறு பேர்.
கூழ் ஊற்றிய அன்று பந்தல் கிழிந்தது,
ஒலிபெருக்கி, சுடுகாட்டுப் பாதை, போன தேர்தல்
எல்லாம் ஈக்களோடு வந்து
பிணத்தின் மேல் உட்கார்ந்தன.
எரிக்கணும்.
புதைக்கணும்.
நடுவில் லத்தியோடு நாங்கள் பதினோரு பேர்.
இரு பக்கத்துக்கும் பேதமில்லாமல்
மோர் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்
குவாரி தணிகாசலம்.

சுடர்க்கொடி குந்தி உட்கார்ந்து
பிணத்தின் கால்சட்டைப் பையைத் துழாவினார்.
முடிச்சிட்ட பாலித்தீன் பை.
உள்ளே எட்டு பீடி, ஒரு தீப்பெட்டி.
மடிப்பில் அப்பிய மணல்
உதிரவில்லை. கொழுக்கட்டை மாதிரி
விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது.
"நாலு வருஷமாத் தண்ணி வராத ஆத்துல
தீப்பெட்டிய எதுக்குய்யா நனையாம சுத்தறான்?"
என்னிடம் கேட்டாரா, பிணத்திடமா, தெரியவில்லை.
"இத பாட்டில்ல போட்டு அடை" என்றார்.

பாலத்தடி டீக்கடையில் கடன் நோட்டைப் புரட்டினோம்.
கன்னி-தஸ்து என்று ஒரே பக்கம்.
"ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு மேடம்.
எவன் துட்டு குடுத்தாலும் ரெண்டு பேர்லயும் கழிப்பேன்.
ராவுல வேலைக்குப் போறானுங்க.
எங்கன்னு நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

அன்றிரவே பொக்லைன் வந்தது.
குவாரியின் பின்பக்கம், வேலிக்காத்தான் புதருக்குள்,
புதிதாக மூடிய பள்ளம்.
பதினெட்டு அடியில் ஈரம்.
இருபத்திரண்டில் இன்னொருவன்.
இவனுக்கும் சிவப்பு அரைஞாண். இவனுக்கும் தாயத்து.
ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியிருப்பார்கள்.

கரை சரிந்து இருவரையும் மூடியிருக்கிறது.
பிறகு யாரோ ஒருவனை மட்டும் மேலே எடுத்து,
இரண்டு தெருவும் வெளிக்குப் போகும் வழியில்
நாய் தோண்டும் ஆழத்துக்கு
அளந்து புதைத்திருக்கிறார்கள்.
ஒரு பிணம் விபத்து ஆகாது.
ஒரு பிணமும் காணாமல் போன ஒருவனும்
கலவரம் ஆகும்.

விடியலில் இரண்டு உடலையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினோம்.
எது எவன் என்று அம்மாக்களுக்கே தெரியவில்லை.
கூட்டத்தில் யாரும் கல் எறியவில்லை.
கல்லைக் கீழே போடவும் இல்லை.

பதினாறு மாதம் கழித்து வேலூர் கோர்ட்.
அவன்களே திருட்டு மணல் அள்ளப் போனார்கள்,
குவாரிக்கும் மேலே கிடந்தவனுக்கும்
என்ன சம்பந்தம் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
சான்றுப்பொருள் நான்கு, ஈர மணல், என்றது அரசுத் தரப்பு.
வக்கீல் அரக்கை உடைத்துத் துணியைப் பிரித்தார்.
மேஜைமேல் பொலபொலவென்று கொட்டியது,
பாலாறு முழுக்கக் கிடக்கிற அதே மணல்.
"ஈரம் எங்கே, யுவர் ஆனர்?"

சுடர்க்கொடி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை.

துணியில் கட்டியவன் நான்.
ஸ்டேஷனில் அன்று பாட்டில் இருக்கவில்லை
என்று கூண்டில் சொன்னேன்.
இருக்கவில்லைதான்.
எதிரே மருந்துக்கடை இருந்தது.

அன்றைய மோர் பாக்கெட்டில் ஒன்றை
நானும் குடித்திருந்தேன்.
உப்பும் பெருங்காயமும் சரியாக இருந்தன.
யாரும் கேட்கவில்லை.
எழுதுவது என் வேலை. இதை எழுதவில்லை.