நடுங்கும் ஆ

ஒரு மாதமாக
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினொரு பேரும்
'ஆ' என்று நீட்டுவார்கள்.
வான் நடுங்கும். குரலும் நடுங்கி
ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் வெளியே வரும்.
பக்கத்து பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை.
இந்த வனெட்டில் எஞ்சின் இருப்பது
என் இருக்கைக்கு அடியில்.
பின்னேரம் வீட்டுக்கு வந்து
தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தாலும்
முழங்கைவரை ஓடிக்கொண்டிருக்கும் வண்டி.

பஞ்சிகாவத்தையில் இர்ஸான் நானா
சத்தத்தைக் கேட்டே சொல்லிவிட்டார்:
'மவுண்ட் போய்ட்டு தங்கச்சி.
சைனா புதுசு ஈக்கி, ஜப்பான் பழசு ஈக்கி.'
ஜப்பான் பழசை நகத்தால் அழுத்தினேன்.
நகம் பதிந்து, மெல்ல மறைந்தது.
இதைக் கட்டித் தாங்க என்றேன்.

போயா நாள். ஒழுங்கை முழுக்க வெயில்.
சில்லுகளுக்குச் செங்கல் வைத்து
பற்றறியின் கறுப்பு வயரைக் கழற்றி
ஆசனத்தைத் தூக்கிவிட்டு
எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே ஜாக்கி.
இரும்போடு இரும்பு முட்டக்கூடாதென்று நடுவில்
மரக்கறி வெட்டும் பலகை.
இரவுச் சமையலை அப்போது யோசிக்கவில்லை.

மேல்மாடி நிலந்தி இறங்கி வந்து
போன் வெளிச்சம் பிடித்தாள்.
நான் கம்பியை அழுத்த, அவள் உள்ளே பார்த்து
'தவ டிக்கக்.'
'தவ டிக்கக்.'
'ஹரி, ஹரி, எத்தி!'
எஞ்சின் ஒரு விரற்கடை எழும்பி
ஒன்றுமே சொல்லாமல் நின்றது.

முதல் இரண்டு போல்ட்டும் இளகின.
மூன்றாவது இருபது வருஷ ஊத்தையோடு
பிடிவாதம் பிடித்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.
நிலந்தி தன் முன்னாள் மனேஜரைப் பற்றிச் சொன்னாள்.
நான் ஸ்பெனரில் ஒரு குழாயைச் செருகி
மனேஜரை நினைத்து இழுத்தேன்.
கழன்றது.

வெளியே வந்தது பழைய மவுண்ட்.
இரண்டு தகடு, நடுவில் றப்பர்,
றப்பரின் நடுவில் வாய்.
மேல் தகடு ஒரு கையோடும்
கீழ்த் தகடு மறு கையோடும் வந்தது.
இவ்வளவு நாளும் இவை
ஒன்றன்மேல் ஒன்று சும்மா இருந்திருக்கின்றன,
சேர்ந்திருப்பதாக எல்லோரையும் நம்பவைத்து.
நிலந்தி சிரித்தாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

மாற்றியதில் கடைசித் துளை
ஒரு அரிசி அகலம் தள்ளி நின்றது.
ஒரு மணித்தியாலம் அந்த அரிசிக்காகப் போனது.
ஜாக்கியை இறக்கி, ஏற்றி,
கம்பியால் நெம்பி,
கெட்ட வார்த்தைகளை இரண்டு பாஷையிலும் சொல்லி,
பிறகு நிலந்தி மேலிருந்து
எஞ்சினை ஒருதரம் காலால் உந்தினாள்.
போல்ட் உள்ளே போனது,
இவ்வளவு நேரமும் வாசலில்தான் நின்றதுபோல.
பாரம் முழுதும் இறங்கிய பிறகே
இறுக்கினேன்.

பழசு இப்போது
குசினிக் கதவு அடிபடாமல் முட்டுக்கொடுக்கிறது.

செவ்வாய்க்கிழமை, ஆமர் வீதிச் சந்தி, சிவப்பு.
பதினொரு பேரும் 'ஆ' என்றார்கள்.
அது நேராகப் போய்க் கண்ணாடியில் முட்டி நின்றது.
'வான் நிண்டிட்டுதா அன்ரி?'
பின் வரிசையில் கிருஷாலி.
'இல்லை. ஓடுது.'
ஒருவரும் நம்பவில்லை.
எனக்கே ஒருமுறை காலால்
அழுத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு ஹம்தான்
தொண்டையில் விரல்நுனியால் தட்டித் தட்டி
ஆ-ஆ-ஆ-ஆ என்றான்.
எல்லோரும் தட்டத் தொடங்கினார்கள்.
பச்சை விழுந்ததைப்
பின்னால் நின்ற லொறிதான் சொன்னது.