பகல் தூக்கத்தின் விலை

புரோக்கர் யோகேந்திரராசா
சனிக்கிழமை பத்தரைக்கு வீட்டைக் காட்டியபோது
நாவற்குடாவில் நாயே இல்லை.
பதினான்கு பேர்ச், நல்ல தண்ணிக் கிணறு,
காய்க்கிற தோடை இரண்டு,
கடல் பக்கமிருந்து தாராளமாய்க் காற்று.
மதிலுக்கு அங்கால்
மூன்று அலுமினியக் கோப்பைகள்
கவிழ்ந்து கிடந்ததை மட்டும் கண்டேன்.
"கோழி வளக்காங்களோ?"
"ஓம் கா, அப்பிடித்தான்" என்றார்
என் முகத்தைப் பாராமல்.

வீட்டுக்காரர் பேர்ண் நகரில்.
வட்சப்பில் சிரிக்கிறார்:
"நாயா? நான் வரக்குள்ள
ஒரு சத்தமும் இல்லையே."
அவர் கடைசியாய் வந்தது
கல்லடியில் புதுப் பாலம் திறக்க முன்னம்.

நான் இரவு டியூட்டித் தாதி.
மாதத்தில் பாதி நாள்
ஊர் எழும்பும்போது படுக்கிறவள்.
வங்கி கடன் தருவது
சுவருக்கும் கூரைக்கும்.
நான் வாங்குவதோ
காலை எட்டிலிருந்து பின்னேரம் மூன்றுவரை.
அதற்கு உறுதி எழுத
எந்த நொத்தாரிசும் இல்லை.

ஆகவே திறப்பை இரவல் வாங்கினேன்.
இன்று காலை வாட்டைக் கையளித்துவிட்டு
ஸ்கூட்டியில் பாலம் கடந்து நேரே வந்து,
வெறும் அறையில் பழைய பேப்பர் விரித்து,
கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்,
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்.

எட்டு ஐந்துக்குப் பாண் ஓட்டோ.
அதன் பாட்டுக்கு ஒன்று ஊளையிட,
இரண்டாவது அதைத் திட்ட,
மூன்றாவது
வானத்தைப் பார்த்துத்தான் குலைத்திருக்க வேண்டும்.
மீன்காரன். தபால். மீற்றர் பார்க்கிற பெடியன்.
பிறகு ஒன்றுமேயில்லாததற்கு
ஒரு பத்து நிமிடம்.
நாற்பத்தாறு வயதில்
பேப்பரில் கிடந்து
காதைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வாட்டில் எனக்கொரு பழக்கம்,
சத்தங்களைத் தனித்தனியாய்ப் பிரிப்பது.
மொனிட்டர், இருமல்,
பதினோராம் கட்டில்காரர்
கனவில் மாடு சாய்க்கிற சத்தம்.
எது நின்றால் ஓட வேண்டும்,
எது நின்றால் நிம்மதி.
நாய்களையும் அப்படியே பிரித்தேன்.
தடித்த குரல் கிழடு. கீச்சுக் குரல் பயம்.
மற்றது, சும்மா கதை.
எந்தக் கதையில் கண்ணயர்ந்தேனோ தெரியாது.

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு முகம்:
"புள்ள! உசிரோட இருக்கியா?"
மணி இரண்டே முக்கால்.
பெலிசிற்றா அக்கா, பக்கத்து வீடு,
தைத்து முடியாத சட்டையொன்று தோளில்.
"ஸ்கூட்டி நிக்கு, ஆளக் காணல்ல.
இதுகளும் குலைக்கிறத விட்டிட்டுதுகள்.
ஏழு வருசமா ஆளில்லாத வளவு கா.
மோட்டரக் களவெடுத்தாங்க, வயரக் களவெடுத்தாங்க.
அதுக்கெண்டுதான் ஒண்ட வளத்தன்,
மறுகா அது தனிய எண்டு இன்னொண்டு..."
மூன்றாவது ஏனென்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அது டெய்சியாம், அவர் காலுக்குள் நின்றது.
என் சப்பாத்தை மணந்து பார்த்துத் தும்மியது.

நாலு மணிக்குப் புரோக்கருக்குப் போன் எடுத்தேன்.
"நாயொண்டுக்கு ஒரு லட்சம் குறைக்கச் சொல்லுங்க."
"பகிடி விடுறீங்க, மிஸ்."
"இல்ல."
பேர்ணில் அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம்.
ஆறு மணிக்குப் பதில் வந்தது:
இரண்டுக்குச் சம்மதமாம்.
மூன்றாவது சின்ன நாயாம்,
கணக்கில் எடுக்க ஏலாதாம்.

டெய்சி குட்டித்தாச்சி என்பதை
அவருக்கு ஒருவரும் சொல்லவில்லைப்போல.
நான் வயிற்றைக் கண்டதுமே கணித்துவிட்டேன்:
இன்னும் மூன்று கிழமை. ஐந்து குட்டியாவது.

இன்றிரவும் டியூட்டி.
பாலத்தில் ஸ்கூட்டியை ஒள்ளுப்பம் நிறுத்தி
விரல்விட்டு எண்ணுகிறேன்.
எட்டு லட்சம் வருகிறது.
அட்வான்ஸ் காசு கைப்பைக்குள்.
அதோடு,
பின்னேரப் பாண் ஓட்டோவில் வாங்கிப்
பாதி தின்ற பணிஸ்,
மற்றப் பாதி ஏனோ
நான் படுத்த பேப்பரில் சுற்றியபடி.