மண்டியிடும் வண்டி

இரவு நிமிர்ந்துதான் நின்றது.
விடிந்து பார்த்தால் முன்னங்கால் மடக்கி
வாசலில் படுத்திருக்கிறது
இரண்டு டன் கறுப்பு எருமை.

காற்றுப்பையில் ஓட்டை, என்றான் மெக்கானிக் குராம்.
போன மாதம் டர்போ.
அதற்கு முன்னால் இன்ஜெக்டர், மூன்றாவது;
பிறகு நான்காவது.
தெங்கிஸ் இதுவரை எண்ணிக் கொடுத்தது எட்டாயிரம் லாரி.
ஜார்ஜியாவில் காசுக்கு அதுதான் பேர்.
நிஜ லாரியே வாங்கியிருக்கலாம்,
அதாவது சுமக்கும்.

"ஜெர்மனியில் ஒரு டாக்டர் ஓட்டியது"
என்று சொல்லித்தான் விற்றான் தரகன்.
டாக்டர் நோயாளியை விற்றுவிட்டார்,
என்றாள் லமாரா, டார்ச் பிடித்தபடி.

ஞாயிறு, தள்ளிவிடத்தான் கிளம்பினார்கள்.
குத்தாயிசியிலிருந்து ருஸ்தாவி சந்தைவரை
இருநூற்றைம்பது கிலோமீட்டர்.
ரிக்கோத்தி மலையேற்றத்தில் ஒரு முனகல் இல்லை.
டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு இல்லை.
இருக்கை இதமாக முதுகைச் சுட்டது.
லமாரா வாய் திறந்து தூங்கிப்போனாள்.
சந்தை வாசலில்
விலை எழுதிய அட்டையைக்
காலுக்கடியில் தள்ளிவிட்டு
வண்டியைத் திருப்பினார் தெங்கிஸ்.

பாதி வழியில் விழித்தவள் கேட்டாள்:
"எவ்வளவுக்குப் போச்சு?"

அவர் வாய் திறப்பதற்குள்
முன்பக்கம் மெல்ல,
மிக மெல்ல,
இறங்கத் தொடங்கியது.