முப்பத்திரண்டு டிகிரி

வெளியே நாற்பத்தேழு.
ஃபஹாஹீல் சாலையில் தார் இளகிக் கிடக்கிறது.
என் அறையில் பத்தொன்பது.
கம்பெனி பஸ் ஏசி, வரவேற்பறை ஏசி, என் ஏசி,
மூன்றும் சேர்ந்து கோட்டைச்சாமியின் வலக்கையை
இருபத்தாறுக்கு இறக்கிவிட்டன.

மணிக்கட்டில் ஒரு சொடுக்கு.
பெருவிரல் துள்ள, திரையில் மேடு எழுந்தது:
ஐந்து புள்ளி ஆறு மில்லிநொடி.
"ரொம்ப லேட்டா மேடம்?"
லேட்டுதான். ஆனால் இந்த எண்ணை நான் எழுதப்போவதில்லை.
குளிரில் எந்தக் கதவும் மெல்லத்தான் திறக்கும்.

வெந்நீர்ப் பையைக் கையில் வைத்தேன்.
காத்திருக்கையில் கேட்டார்,
உள்ளே கரண்ட் எங்கேயிருந்து வருதுன்னு.

ஒயர் கிடையாது அண்ணே, உப்பு.
சவ்வுக்கு வெளியே சோடியம் நெரிசல்,
உள்ளே பொட்டாசியம்.
சும்மா இருக்கையில் பொட்டாசியத்துக்கு மட்டும்
ஒருக்களித்த கதவு. அது கசியக் கசிய
உள்ளே மைனஸ் எழுபது.
எவருக்குக் கதவு அகலமோ
அவர் பக்கம் சாயும் மின்னழுத்தம்.
சீண்டினால் சோடியக் கதவு ஒன்று திறக்கும்,
அது திறந்ததாலேயே அடுத்தது, அதற்கடுத்தது,
மைனஸ் பிளஸ்ஸாகிவிடும்.
ஒரு மில்லிநொடிதான். உள்தாழ் விழும்.
பிந்தி எழுந்து வரும் பொட்டாசியம்
எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுக்கும்,
கொஞ்சம் கூடுதலாகவே.
தாழ் விழுந்திருக்கும்வரை
எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் பதில் இல்லை.

"அப்ப உள்ள வந்த உப்பு?"
பம்ப் இருக்கு.
மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே,
நீங்கள் தூங்கும்போதும்.

சிரித்துவிட்டார்.
ஷுஐபாவில் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆலை,
பதினோரு வருஷம் வால்வு திருகிய கை.
"சவ்வு, பம்ப்பு, உப்பு.
மெடிக்கல் லீவு போட்டு வந்தாலும்
அதே பிளாண்ட்டுக்குத்தான் அனுப்புறீங்க."

முப்பத்திரண்டு. மறுபடி சொடுக்கினேன்.
நாலு புள்ளி நாலு.
எல்லை நாலு புள்ளி இரண்டு.

கம்பெனிப் படிவத்தில் இரண்டே கட்டம்:
தகுதி, தகுதியின்மை.
தனி நரம்பு நாருக்கும் அப்படித்தான்,
சுடும், அல்லது சுடாது.
ஆனால் திரையில் நான் பார்ப்பது
நூற்றுக்கணக்கானவை சேர்ந்த மேடு,
முந்தியவை சில, நசுங்கிப் பிந்தியவை சில.
அதற்குக் கட்டம் போடவில்லை எவரும்.

பேனா மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.
சட்டைக் கைப்பொத்தானைப் போடுகிறார் கோட்டைச்சாமி.
விரலுக்குப் பொத்தான் தெரியவில்லை.
குனிந்து, கண்ணால் பார்த்து,
இரண்டாம் முறையில் போட்டார்.