ஒன்பதாம் பிரிவு

பதினோரு பக்கம், மலாயில்.
லிம் கடையில் அச்செடுத்தேன், பக்கத்துக்கு முப்பது காசு.
பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ரொட்டிச் சானாய் கடையில்
குழம்பு படாத மேசையாகத் தேடி விரித்தேன்.

முதல் பக்கத்தில் என் பெயருக்கே இடமில்லை.
பின், பிந்தி என்று அடித்து வைத்திருந்தார்கள்,
வேறு யாருக்கோ.
இரண்டையும் கோடிட்டு நீக்கி
ஏ/பி என்று எழுதினேன்.
அந்தச் சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா:
சின்னமருது, செம்பனை வெட்டுபவர், கொந்திராக்கில்.

எங்கள் பக்கம் கொந்திராக் என்றால் தாளில்லை,
மோட்டாரில் வருகிற ஆள்.
மாதக் கடைசியில் வருவார். வராமலும் இருப்பார்.
"கொந்திராக் வந்துட்டாரா?"
என்று கேட்டுவிட்டுத்தான் அரிசிக்குப் போவோம்.
இப்போது அவர் என் கையில்
ஓரத்தில் கம்பி குத்தி, பதினோரு பக்கமாக.

தொடர்களுக்கு வசனம் பெயர்க்கிறேன்.
மேலே தமிழில் அழுவார்கள்,
கீழே மலாயில் அழவைப்பேன்,
இரண்டு வரிக்குள்.
போன வருடம் வாய்ப்பேச்சில் இருபத்தாறு பகுதி.
"தங்கச்சி, நம்ம ஆளுங்கதானே, பாத்துக்கலாம்"
அந்தக் குரல் பதிவு இன்னும் கைபேசியில் இருக்கிறது.
எந்த வங்கியிலும் மாற்ற முடியவில்லை.

இந்த முறை தாள்.
நிமிடத்துக்கு ஆறு வெள்ளி. நல்ல விலைதான்.
ஒன்பதாம் பிரிவு வரை.

வசனமற்ற நிமிடங்கள் கட்டணத்தில் சேரா.

மூன்று தடவை படித்தேன்.
தே தாரேக்கில் ஆடை படர்ந்துவிட்டது.
கதவருகே ஒருத்தி நிற்கிறாள்.
பேசுவாளா மாட்டாளா என்று தெரிய
நானும் நிற்கத்தானே வேண்டும்?
அவள் பேசாமலே போய்விட்டால்
நான் நின்ற நேரம் யாருடையது?

சாட்சிக்குத் தவமணியைக் கூப்பிட்டேன்.
ஆலையில் எடைமேடைக் கணக்கு அவள்,
ஷிப்டு முடிந்து சட்டையில் எண்ணெய் வாடையோடு வந்தாள்.
ஒன்பதாவதைக் காட்டினேன்.
"காம்புக்குக் கழிப்பாங்க.
காய்க்குக் கழிப்பாங்க, மழ பேஞ்சா தண்ணிக்குக் கழிப்பாங்க.
சும்மா நிக்கிறதுக்குக் கழிக்கிறத
இப்பதான் பாக்குறேன்"
என்று ரொட்டியைப் பிய்த்தாள்.
"அடிச்சுட்டு எழுது. லோரிக்காரன்கூட
என் சீட்டுல அடிச்சு எழுதச் சொல்லிச் சண்ட போடுறான்."

அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்:
மௌனமும் நிமிடம்.
மலாயில் அது இன்னும் அழகாக இருந்தது.
படம் பிடித்து அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி.
பிறகு ஒன்றுமில்லை,
செவ்வாய், புதன், வியாழன்.

எழுதியிருக்கக் கூடாதோ என்று
வியாழன் இரவு இரண்டு தடவை தோன்றியது.
வீட்டுக் கடன் தவணை ஏழாம் தேதி.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துக்குப் பிறகு
கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண், பெயர் நோராய்னி,
மிகவும் மரியாதையாக:
மேலிடத்தில் பேசினாளாம்,
மௌனத்துக்குப் பாதி தருவார்களாம்.

பாதி மௌனம், மூன்று வெள்ளி.
சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டேன்.
பிறகு போட்டேன் கையெழுத்து, தமிழில்,
பக்கத்துக்கு ஒன்றாகப் பதினொன்று,
எட்டாவதில் கொஞ்சம் கோணியது.
தவமணி தன் அடையாள அட்டை எண்ணை
எடைச்சீட்டு எழுதும் கையாலேயே
தெளிவாக, எண் எண்ணாக எழுதினாள்.
முத்திரை வரி பத்து வெள்ளி.
யார் கட்டுவது என்று எந்தப் பிரிவிலும் இல்லை.
நான் கட்டினேன்.

முதல் பகுதி நேற்றிரவு வந்தது.
திறந்ததும் மழை.
ஒரு வீடு, ஒரு நாற்காலி, மழை,
யாரும் வாயே திறக்கவில்லை.
நான்கு நிமிடம். பன்னிரண்டு வெள்ளி.

நம் கூரைத் தகரத்திலும்
அதே நேரம் பிடித்துக்கொண்டது.
எது படத்தின் மழை என்று பிரித்துக் கேட்க
காதுபேசியை மாட்டிக்கொண்டேன்.