சிவப்பு மை

எங்கள் வீட்டுக்குப் பெயரில்லை.
சி பார் நாற்பத்தேழு.
பால்காரர் அம்மாவை "நாற்பத்தேழு" என்றே கூப்பிட்டார்.
அம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

கதவு பச்சை, ஜன்னல் பச்சை.
கருப்பூர்ப் பக்கம் போனால்
அதே பச்சையில் ஏழெட்டு மாட்டு வண்டிகள்.
ஸ்டோரில் குறைந்த பெயின்ட்
எந்த ஆடிட்டிலும் வந்ததில்லை.

பன்னிரண்டரைக்கு வெடி.
அதற்குமுன் சிவப்புக் கொடி கட்டிய சைக்கிளில்
செங்கோடன் விசிலடித்துக்கொண்டு போவார்.
அம்மா குழம்பை இறக்கி வைப்பாள்.
சுவர் அடங்கியதும் ஏற்றுவாள்.
கம்பெனிப் பள்ளியில் கணக்கு டீச்சர்
"ஆகவே" என்று நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து நின்று,
அதிர்வு முடிந்தபின்
"எக்ஸ் சமம் நான்கு" என்பார்.
வீட்டில் கண்ணாடி டம்ளர் கிடையாது.

மழை விட்ட மறுநாள் ஏற்காடு மலை தெரியும்.
மற்ற நாட்களில் இருக்கிறது என்று நம்பிக்கொள்வோம்.
வெள்ளைக்கல் தூசி.
முருங்கைக் கீரையை அலசினால்
முதல் தண்ணீர் பால்.
சூரமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர்
எங்கள் தலைமுடியைப் பார்த்தே டிக்கெட் கிழிப்பார்.
ஏ டைப் பங்களாவில் ரோஜாத் தோட்டம் இருந்தது.
தண்ணி லாரி அங்கே தினமும்,
எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்.
சிவப்பு ரகம் என்று பெங்களூரிலிருந்து வந்த செடி
வெள்ளையாகத்தான் நின்றது.
எங்களுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

அப்பா சூளையில்.
அர்த்தநாரி, டோக்கன் 1183.
நீலக் கண்ணாடி வழியே
தீயின் நிறம் பார்த்துச் சூடு சொல்வார்.
அம்மா தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் புடவையை விரித்ததும்
தலையைச் சாய்த்து,
"ஆயிரத்து அறுநூறு டிகிரி" என்றார்.
அவர் சொன்னதிலேயே பெரிய பாராட்டு அது.

டைப்பிங் ஹையர் முடித்து
டைம் ஆபீஸில் உட்கார்ந்தபோது எனக்கு இருபத்தொன்று.
அங்கே முதல் பெண்.
கழிப்பறைக்குக் கேன்டீன் பின்பக்கம் வரை நடக்கவேண்டும்.
கையகலக் கூண்டு ஜன்னல்.
ஆள் தெரியாது, கை மட்டும் வரும், டோக்கனோடு.
ஐந்து நிமிடம் தாண்டினால் சிவப்பு மை.
மூன்று சிவப்புக்கு அரைநாள் சம்பளம்.

ஐப்பசியில் ஒரு காலை.
ஏழு அடித்து ஆறு நிமிடம்.
வந்த கையில் கட்டைவிரல் நகம் கருகியிருந்தது.
பின்னால் லூர்து, கஞ்சமலை, இன்னும் நாலைந்து பேர்,
இருமல் சத்தத்திலேயே எனக்குத் தெரியும்,
எல்லோரும் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஏன் தாமதம் என்று எழுத
அந்தக் கார்டில் இடமில்லை.
எழுதினேன்.
"சரிங்க மேடம்" என்றது கை.

இரவுக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அம்மா மட்டும் என் தட்டில் அப்பளம் வைக்கவில்லை.
அப்பா தன்னுடையதை உடைத்தபோது
பன்னிரண்டரை மாதிரிக் கேட்டது.

பதினோரு வருடம் கழித்துக் கம்பெனியை மூடினார்கள்.
வெளிநாட்டுக் கல் மலிவாம்.
காலி செய்யும் நோட்டீஸை அடித்தது நான்தான்,
இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும்,
கார்பன் வைத்து.
சி பார் நாற்பத்தேழு வந்தபோது
விரல் தடுமாறவில்லை. தடுமாறியது என்று
சொன்னால் நன்றாக இருக்கும்.
அப்பா கண்ணாடி போட்டு இருமுறை படித்தார்.
கையெழுத்துப் போடும் இடத்தைக் கேட்டார்.
போட்டுவிட்டு,
"இதுக்கு லேட்டானா சிவப்பு உண்டா?" என்றார்.
அந்தக் காலையைப் பற்றி
அவர் பேசியது அவ்வளவுதான்.
"உண்டு" என்றேன்.
ஒருநாள் முன்னதாகவே காலி செய்தார்.

அரிசிப்பாளையத்தில் வாடகை வீடு.
அம்மா முதலில் வாங்கியது
ஆறு கண்ணாடி டம்ளர்.
அலமாரியில் வரிசையாக வைத்து
எட்ட நின்று பார்த்தாள்.
பன்னிரண்டரை வந்தது, போனது.
ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வாரமே அப்பா கையில் ஒன்று உடைந்தது,
சும்மா, மோர் குடிக்கும்போது.
அம்மா திட்டவில்லை.
பெருக்கி அள்ளிவிட்டு
மிச்சம் ஐந்தையும் எண்ணி வைத்தாள்.